அப்பாதான் கோச்: பெற்றோரிடமே பயிற்சி பெறும் பிள்ளைகள்

2025 ஜூன் 15 அன்று ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மைதானத்தில் அர்மான்ட் டுப்லான்டிஸ் கோலூன்றித் தாண்டுதலில் 6.28 மீட்டர் உயரத்தைக் கடந்து, தன் உலக சாதனையைத் தானே மறுபடியும் முறியடித்தார். அவருக்குக் கோலைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அப்பா கிரெக். உடற்பயிற்சியை வகுத்துத் தருபவர் அம்மா ஹெலெனா. மறுநாள், பக்கத்து நாடான நார்வேயின் சான்ட்னெஸ் நகரில், பயிற்சியாளராக இருந்த இன்னொரு அப்பாவின் வழக்கில் தீர்ப்பு வந்தது. ஹென்ரிக், பிலிப், யாகோப் என்று மூன்று மகன்களையும் 1,500 மீட்டர் ஓட்டத்தில் ஐரோப்பிய சாம்பியன்களாக்கிய கெர்ட் இங்கெப்ரிக்ட்சன் அவர். யாகோபைத் துன்புறுத்தினார் என்ற குற்றச்சாட்டிலிருந்து நீதிமன்றம் அவரை விடுவித்தது. மகளை ஈரத் துண்டால் அடித்த குற்றத்துக்கு 15 நாள் சிறைத் தண்டனை விதித்து, அதை நிறுத்திவைத்தது.

இரண்டுமே பெற்றோரே பயிற்சி கொடுத்த குடும்பங்கள். இரண்டிலிருந்தும் ஒலிம்பிக் தங்கம் வந்திருக்கிறது. ஒரு வீட்டு மகன் இருபத்தைந்து வயதிலும் அப்பா அம்மாவோடுதான் போட்டிக்குப் போனார். இன்னொரு வீட்டு மகன்கள் மூவரும், சிறு வயதிலிருந்தே அப்பாவுக்குப் பயந்து வளர்ந்ததாக 2023 அக்டோபரில் நார்வே நாளிதழில் எழுதி உலகத்துக்குச் சொன்னார்கள்.

பெற்றோரே பயிற்சியாளராக இருப்பது நல்லதா, கெட்டதா என்று கேட்டால் இந்த இரண்டு வீடுகளும் இரண்டு பதில் சொல்லும். கேட்க வேண்டியது வேறு. எந்த ஏற்பாடு இருந்தால் அது நல்லதாகிறது, எது இல்லாவிட்டால் கெட்டுப்போகிறது? இதற்குச் சான்றுகள் நிறையவே உண்டு. பள்ளிப் பருவத்தில், குறிப்பாக 13 முதல் 18 வயதுக்குள், இந்த உறவு எப்படிச் சோதனைக்கு உள்ளாகிறது என்பதை அவற்றைச் சேர்த்துப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம்.

வேறு யார் இருந்தார்கள்?

இந்தியாவில் பெற்றோர் பயிற்சியாளர் ஆவதற்கு முதல் காரணம், வேறு ஆள் இல்லாததுதான். ஹரியானாவின் பலாலி கிராமத்தில் பெண் பிள்ளைகளுக்கு மல்யுத்தம் சொல்லித்தர யாரும் இல்லை. சொல்லித்தரக் கூடாது என்று சொல்லத்தான் ஊரே இருந்தது. மகாவீர் சிங் போகட் தன் மகள்களையும் அண்ணன் தம்பி பிள்ளைகளையும் தானே மண்ணில் இறக்கினார். பையன்களோடு மோதவிட்டுப் பழக்கினார். மூத்த மகள் கீதா 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றார். இந்தியப் பெண் ஒருவர் அந்தப் போட்டிகளில் மல்யுத்தத் தங்கம் வென்றது அதுவே முதல் முறை. 2016-ல் மகாவீருக்குத் துரோணாச்சாரியார் விருது கிடைத்தது.

காஞ்சிபுரத்திலும் இதே கதைதான். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் பாட்மின்டனில் வெள்ளி வென்ற துளசிமதி முருகேசனுக்கு முதலில் மட்டையைக் கையில் கொடுத்தவர், கூலி வேலை செய்து குடும்பம் நடத்திய அவருடைய அப்பா. விஜயவாடாவில் கொனேரு அசோக், வேதியியல் ஆசிரியர் வேலையையே விட்டுவிட்டு மகள் ஹம்பிக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தார். 2002-ல் ஹம்பி 15 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது, அந்தப் பட்டத்தை அவ்வளவு சிறிய வயதில் எட்டிய பெண் உலகத்தில் வேறு யாரும் இல்லை.

இரண்டாவது காரணம் பரம்பரை அறிவு. தமிழ்நாட்டு டென்னிஸ் வரலாற்றில் இதற்கு ஒரு முழுக் குடும்பமே சாட்சி. டி.கே. ராமநாதன் தன் மகன் கிருஷ்ணனுக்குப் பயிற்சி கொடுத்தார். ராமநாதன் கிருஷ்ணன் 1954-ல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றார். ஆசியாவிலிருந்து அதை வென்ற முதல் ஆள் அவர். 1960-லும் 1961-லும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனார். அடுத்து அவருடைய மகன் ரமேஷ். அப்பா, தாத்தா இருவரின் கையிலும் வளர்ந்து 1979-ல் அதே சிறுவர் பட்டத்தை வாங்கினார். சென்னையில் சரத் கமலின் அப்பா சீனிவாச ராவும் சித்தப்பா முரளிதர ராவும் டேபிள் டென்னிஸ் பயிற்சியாளர்கள். ஐந்து ஒலிம்பிக்கில் ஆடிய சரத் அந்த மேசையைச் சுற்றித்தான் வளர்ந்தார். ஜோஷ்னா சின்னப்பாவுக்கு ஸ்குவாஷில் முதல் பயிற்சியாளர் அவருடைய அப்பா.

மூன்றாவது காரணத்தைப் பெற்றோர் வாய்விட்டுச் சொல்வது குறைவு. பெண் பிள்ளையை வெளியாளிடம் தனியே அனுப்பப் பயம். அது வீண் பயம் என்று தள்ளிவிட முடியாது. 2023-ல் பாலியல் துன்புறுத்தல் புகாரோடு நாட்டின் முன்னணி மல்யுத்த வீராங்கனைகள் டெல்லி ஜந்தர் மந்தரில் வாரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒருவரான வினேஷ், மகாவீரின் தம்பி மகள். பல அப்பாக்கள் வேலையை மாற்றிக்கொண்டு விடிகாலையில் மைதானத்தில் நிற்பதற்குப் பின்னால் இந்தக் கவலையும் இருக்கிறது.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே உயர்நிலைப் பள்ளி விளையாட்டில் மாணவர் பங்கேற்பு எண்ணிக்கை ஆண்டுக்கு 80 லட்சத்தைத் தாண்டுகிறது. உயர்நிலைப் பள்ளிக்கு வருமுன்பே பிள்ளைகள் ஊர் அணிகளில் சேர்ந்துவிடுகிறார்கள். அந்த அணிகளைச் சம்பளம் இல்லாமல் நடத்துபவர்கள் பெரும்பாலும் அங்கே ஆடும் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள். உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியரே பயிற்சியாளராக இருப்பார். அவர் மகன் அந்தப் பள்ளியிலேயே படித்தால் அந்த அணிக்கே வந்து சேருவான். பெற்றோரின் கையில் விசில் என்பது அங்கே விதிவிலக்கே அல்ல, அன்றாட நடைமுறை.

கொல்லைப்புறத்துத் தாண்டுமேடை

நல்ல பக்கத்தை அருகில் போய்ப் பார்க்க லூசியானா மாநிலத்தின் லஃபயெட் நகரம் சரியான இடம். கிரெக் டுப்லான்டிஸ் தானும் 5.80 மீட்டர் தாண்டியவர். ஹெலெனா ஸ்வீடனில் ஹெப்டத்லான் ஆடியவர். வீட்டுக் கொல்லையில் ஓடுபாதையும் குறுக்குக் கம்பியும் விழுவதற்கு மெத்தையும் போட்டுவைத்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் வேறெங்கும் போக வேண்டியதில்லை. கதவைத் திறந்தால் மைதானம். மகன்களில் இளையவரான அர்மான்ட் நான்கு வயதுக்குள் கோலைத் தூக்க ஆரம்பித்தார். லஃபயெட் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, 2017-ல், 5.90 மீட்டர் தாண்டினார். பள்ளி முடித்த அதே ஆண்டு, 18 வயதில், பெர்லினில் 6.05 மீட்டர் தாண்டி ஐரோப்பிய சாம்பியன் ஆனார்.

அப்பா பயிற்சியாளராக இருப்பதன் லாபம் இதில் அப்படியே தெரிகிறது. நேரத்துக்குக் கணக்கு இல்லை. கட்டணம் இல்லை. பிள்ளை நேற்று சரியாகத் தூங்கினானா, கணுக்கால் வலியை மறைக்கிறானா, பரீட்சைக் கவலையில் இருக்கிறானா என்பது கேட்காமலே தெரியும். வாரத்துக்கு மூன்று நாள் வரும் பயிற்சியாளர் ஒரு ஆண்டில் தெரிந்துகொள்வதை வீட்டில் இருப்பவர் ஒரு வேளைச் சாப்பாட்டில் கண்டுபிடித்துவிடுவார்.

அமெரிக்க ஆய்வாளர்கள் மௌரீன் வைஸ், சூசன் ஃப்ரெட்வெல் இருவரும் 2005-ல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. 12 வயதுக்கு உட்பட்டோர் கால்பந்து அணிகளில் அப்பாவே பயிற்சியாளராக இருந்த ஆறு பையன்களிடமும், அந்த அப்பாக்களிடமும், சக ஆட்டக்காரர்களிடமும் தனித்தனியே பேசினார்கள். ஆறு பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான்; ஆனால் மூன்று தரப்பையும் கேட்டதுதான் இதன் சிறப்பு. பையன்கள் சொன்ன நல்லவை: அப்பாவோடு கூடுதல் நேரம், நுணுக்கமான பயிற்சி, பாராட்டு. சொன்ன கெட்டவை: மற்றவர்களைவிடத் தங்களிடம் அதிகம் எதிர்பார்ப்பது, அதிகம் திட்டுவது, தங்கள் மனநிலையைப் புரிந்துகொள்ளாமல் இருப்பது. அப்பாக்களும் இதை மறுக்கவில்லை. எப்போது அப்பாவாக இருக்க வேண்டும், எப்போது பயிற்சியாளராக இருக்க வேண்டும் என்பதைப் பிரித்துக்கொள்ளத் தெரியவில்லை என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

ஆக, நல்லதும் கெட்டதும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. பிள்ளையை அவ்வளவு நெருக்கமாக அறிந்திருப்பதுதான் லாபம்; அந்த நெருக்கத்திலிருந்து பிள்ளைக்கு ஒரு மணி நேரம்கூட விடுதலை இல்லாமல் போவதுதான் நஷ்டம்.

ஒரே அணியில் மகனும் மற்றவர்களும்

தனிநபர் விளையாட்டில் பாதிப்பு அந்த வீட்டோடு நின்றுவிடும். அணி விளையாட்டில் அப்படி இல்லை. மகனை ஆடும் அணியில் சேர்த்தால் மற்றப் பெற்றோர் முணுமுணுப்பார்கள். சேர்க்காவிட்டால் மகன் மனசு உடையும். மகன் நன்றாகவே ஆடினாலும் அப்பா தயவில் வந்தவன் என்ற பேச்சு நிற்காது. அமெரிக்க ஊர் அணிகளில் இதற்கு 'டாடி பால்' என்றே பெயர். தமிழ்நாட்டில் உடற்கல்வி ஆசிரியரின் பிள்ளை அதே பள்ளி அணியில் இருக்கும்போது கிரவுண்ட் ஓரத்தில் எழும் பேச்சும் இதுவேதான்: "பி.இ.டி. மாஸ்டர் பையனாச்சே, எடுக்காம இருப்பாரா?"

இந்தச் சிக்கலை நேருக்கு நேர் சந்தித்தவர் நியூஜெர்சியின் ஜெர்சி சிட்டியைச் சேர்ந்த பாப் ஹர்லி. பகலில் நன்னடத்தை அலுவலராக வேலை. குற்றத்தில் சிக்கிய இளைஞர்களைக் கண்காணிக்கும் உத்தியோகம். மாலையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய செயின்ட் அந்தோணி உயர்நிலைப் பள்ளியின் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சியாளர். அந்தச் சிறிய பள்ளிக்குச் சொந்தமாக உள்விளையாட்டரங்கம் கிடையாது. பிங்கோ சூதாட்டம் நடக்கும் ஒயிட் ஈகிள் ஹால் என்ற பழைய மண்டபத்தில்தான் பயிற்சி. ஏழை வீட்டுப் பையன்களைக் கொண்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்களை அவர் வென்றார். 2010-ல் கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் இடம் கிடைத்தது. உயர்நிலைப் பள்ளிப் பயிற்சியாளர் ஒருவருக்கு அது கிடைப்பது மிக அரிது.

அவருடைய இரண்டு மகன்களும் அந்த அணியில்தான் ஆடினார்கள். மூத்தவர் பாபி ஆடிய 1989-ம் ஆண்டு அணி ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. அவர் டியூக் பல்கலைக்கழகத்துக்குப் போய் 1991, 1992 இரண்டு ஆண்டும் தேசிய சாம்பியன் ஆனார். ஹர்லி எல்லாப் பையன்களிடமும் கண்டிப்பானவர். மகன்களிடம் கொஞ்சம் கூடுதலாகவே. பாரபட்சம் என்று யாரும் விரல் நீட்டிவிடக் கூடாது என்பதற்காக, பயிற்சியாளராக இருக்கும் அப்பாக்கள் பலரும் எடுக்கும் வழி இது. அதற்கான விலையைக் கொடுப்பது பிள்ளைதான்.

இளையவர் டான் அந்த விலையைப் பற்றிப் பிற்காலத்தில் வெளிப்படையாகவே பேசினார். அப்பாவின் பெயரும் அண்ணனின் பெயரும் முன்னால் நிற்க, அரங்கம் முழுக்கக் கேலிக் குரல் கேட்க, செட்டன் ஹால் பல்கலைக்கழகத்தில் ஆடிக்கொண்டிருந்த அவர் 1993-ல் மனம் தாங்காமல் அந்தப் பருவத்தையே விட்டு ஒதுங்கினார். திரும்பி வந்தார், பயிற்சியாளர் ஆனார், கனெக்டிகட் பல்கலைக்கழகத்தை 2023, 2024 என அடுத்தடுத்து தேசிய சாம்பியன் ஆக்கினார். அந்த அணியின் பெஞ்சில் அவருடைய மகன் ஆண்ட்ரூவும் இருந்தார். சென்னை கிருஷ்ணன்களைப் போலவே இங்கும் மூன்று தலைமுறை. ஆனால் ஒரு குடும்பம் மூன்று தலைமுறை தாக்குப்பிடித்தது என்பதற்காக நடுவில் ஒருவர் பட்ட பாட்டை மறந்துவிடக் கூடாது.

இறுகிப்போன வீடுகள்

டென்னிஸ் உலகம் இந்தக் கெட்ட பக்கத்தை வேறு எந்த விளையாட்டையும்விட அதிகமாகப் பார்த்திருக்கிறது. ஆட்டக்காரர் தனியாக ஆடுகிறார், பரிசுப் பணம் பதினைந்து வயதிலேயே வருகிறது, குடும்பம் முழுக்க அந்த ஒரு பிள்ளையின் கையை நம்பி ஊர் ஊராகப் போகிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் அப்பா பயிற்சியாளராக மட்டும் இருப்பதில்லை. மேலாளராகவும், சில வீடுகளில் மகளின் சம்பாத்தியத்தில் வாழ்பவராகவும் ஆகிவிடுகிறார்.

ஆந்த்ரே அகாசி 2009-ல் வெளிவந்த சுயசரிதையில், தன் பெயரோடு ஒட்டிக்கொண்ட அந்த ஆட்டத்தைத் தான் வெறுத்ததாக எழுதினார். லாஸ் வேகாஸ் வீட்டுக் கொல்லையில் அப்பா மைக், பந்து வீசும் இயந்திரத்தை மாற்றியமைத்து நிறுத்தியிருந்தார். ஏழு வயதுப் பையன் தினமும் 2,500 பந்துகளைத் திருப்பி அடிக்க வேண்டும். மேரி பியர்ஸின் அப்பா ஜிம், கேலரியிலிருந்து போட்ட கூச்சலுக்காக 1993 பிரெஞ்சு ஓப்பனில் வெளியேற்றப்பட்டார். பெண்கள் டென்னிஸ் சங்கம் அவர் போட்டிகளுக்கு வருவதையே தடை செய்தது. 13 வயதில் தொழில்முறை ஆட்டக்காரராக இறக்கப்பட்ட ஜெனிபர் கேப்ரியாட்டி சில ஆண்டுகளிலேயே தளர்ந்து விழுந்ததைப் பார்த்த பிறகு, 18 வயதுக்கு உட்பட்ட பெண்கள் ஆண்டுக்கு எத்தனை போட்டி ஆடலாம் என்பதற்குச் சங்கம் வரம்பு வைத்தது.

எலெனா டோகிச்சின் ஒரு இரவை மட்டும் சொன்னால் போதும். 2000-ம் ஆண்டு விம்பிள்டன். ஆஸ்திரேலியாவுக்கு ஆடிய 17 வயதுப் பெண் அரையிறுதி வரை வந்து லிண்ட்சே டேவன்போர்ட்டிடம் தோற்றார். உலகத்தில் நான்கு பெண்கள் மட்டுமே எட்டிய இடம் அது. பயிற்சியாளரான அப்பா டாமிர் தொலைபேசியில், தோற்றவள் ஓட்டல் அறைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். போக வேறு இடமில்லாமல் ஆட்டக்காரர்களுக்கான ஓய்வுக் கூடத்துச் சோபாவில் அவர் படுத்துக்கொண்டார். இரவில் துப்புரவு செய்ய வந்தவர்கள் கண்ணில் பட்ட பிறகுதான் தங்க இடம் ஏற்பாடானது. பல ஆண்டுகள் அடி வாங்கியதையும் சேர்த்து அவர் 2017-ல் புத்தகமாக எழுதினார். அத்தனை ஆண்டுகளும் கேமராக்கள் சூழ்ந்திருந்தன. டாமிர் மைதானங்களில் செய்த ரகளை செய்தியானது. வீட்டுக்குள் நடந்தது யாருக்கும் எட்டவில்லை.

பள்ளி விளையாட்டிலும் இதற்கு இணை உண்டு. கலிபோர்னியாவில் மார்வ் மரினோவிச் தன் மகன் டாட், அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக் ஆவதற்கென்றே தொட்டிலிலிருந்து பயிற்சி கொடுத்தார். பிறந்தநாள் விருந்துக்குப் போனாலும் பையன் கேரட் துண்டுகளை எடுத்துக்கொண்டு போவான். உயர்நிலைப் பள்ளி அளவில் பந்து வீசுவதில் தேசிய சாதனை படைத்த டாட், 1991-ல் முதல் சுற்றிலேயே தொழில்முறை அணிக்குத் தேர்வானார். இரண்டே பருவத்தில் போதைப் பழக்கத்தால் எல்லாம் முடிந்தது. நம் ஊரில் யுவராஜ் சிங்கின் கதை நல்லபடியாக முடிந்ததால் அதன் தொடக்கத்தை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. சிறுவனாக ஸ்கேட்டிங்கில் பதக்கம் வாங்கி வந்தவரின் பதக்கத்தை அப்பா யோக்ராஜ் தூக்கி எறிந்துவிட்டு, இனி கிரிக்கெட் மட்டும்தான் என்றார். உலகக் கோப்பை வந்தது உண்மை. அந்தப் பையனிடம் யாரும் கேட்கவில்லை என்பதும் உண்மை.

பதின்மூன்றுக்கு மேல்

பத்து வயது வரை பிள்ளைக்கு அப்பா சொல்வது வேதம். பதின்மூன்றில் அது மாறுகிறது. தன் நண்பர்கள், தன் நேரம், தன் உடம்பு என்று பிள்ளை பிரிந்து நிற்கப் பழகும் வயது. எல்லா வீடுகளிலும் இந்த வயதில் உரசல் உண்டு. அப்பாவே பயிற்சியாளராக இருக்கும் வீட்டில் பிள்ளைக்கு உரச இடம் இருப்பதில்லை. பயிற்சியாளரோடு சண்டை போட்டால் அப்பாவோடு சண்டை. அப்பாவிடம் கோபித்துக்கொண்டால் அணியில் இடம் போகுமோ என்ற பயம். மற்ற பிள்ளைகள் கோச் திட்டினார் என்று வீட்டில் வந்து அழுவார்கள். இந்தப் பிள்ளை யாரிடம் போய் அழும்?

போட்டி முடிந்து வீட்டுக்குத் திரும்பும் வழி இந்த விஷயத்தில் முக்கியமான இடம். மாவட்ட விளையாட்டரங்கத்திலிருந்து பைக்கில் பின்னால் உட்கார்ந்து வரும் பிள்ளை, அப்பா தலையைத் திருப்பித் திருப்பிச் சொல்லும் தவறுகளைக் கேட்டுக்கொண்டே வருகிறது. வீட்டில் இறங்கிய பிறகு சாப்பாட்டுத் தட்டின் முன்னாலும் அதே பேச்சு. படுக்கும்போது அம்மாவிடம் அப்பா மறுபடியும் சொல்வதும் காதில் விழுகிறது. ஆட்டம் நாற்பது நிமிடத்தில் முடிந்துவிட்டது. பயிற்சி முடியவே இல்லை.

இங்கிலாந்தில் லஃப்பரோ பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் சோஃபியா ஜோவெட், பயிற்சியாளருக்கும் வீரருக்கும் உள்ள உறவை நெருக்கம், பற்றுறுதி, ஒத்துழைப்பு என்ற மூன்றையும் கொண்டு ஆராய்கிறார். குடும்பத்துக்குள் அமையும் பயிற்சியில் முதல் இரண்டும் பிறப்பிலிருந்தே இருக்கின்றன. வளர வளர எந்த அளவு சார்ந்திருப்பது என்பதுதான் சிக்கலாகிறது. ஒரு கட்டத்தில் பிள்ளை அந்த உறவைத் தாண்டி வளர்ந்துவிடுவதையும் அவருடைய ஆய்வுகள் பேசுகின்றன. பெஞ்சமின் ப்ளூம் 1985-ல் வெளியிட்ட ஆய்வு இதையே வேறு பக்கத்திலிருந்து காட்டியது. நீச்சல், டென்னிஸ், பியானோ, கணிதம் என்று பல துறைகளில் உச்சம் தொட்ட 120 பேரின் வளர்ச்சியை அவருடைய குழு ஆராய்ந்தது. பெரும்பாலோர் மூன்று கட்டங்களைத் தாண்டி வந்திருந்தார்கள். விளையாட்டாகத் தொடங்கும் முதல் கட்டத்தில் வீடு முக்கியம். அடுத்தடுத்த கட்டங்களில் ஆசிரியர் மாறுகிறார். வீடு துணையாக நிற்கிறது.

கைமாற்றிக் கொடுத்த பெற்றோர் பலர் உண்டு. விஸ்வநாதன் ஆனந்துக்கு ஆறு வயதில் காய் நகர்த்தக் கற்றுக்கொடுத்தவர் அம்மா சுசீலா. பிறகு சென்னையின் தால் சதுரங்கக் கழகத்தில் சேர்த்துவிட்டார். டென்னிஸில் ஆண்டி மரேயின் அம்மா ஜூடி ஸ்காட்லாந்தின் தேசியப் பயிற்சியாளராக இருந்தவர். அவ்வளவு தெரிந்தவரே மகனை 15 வயதில் பார்சிலோனா பயிற்சிக்கூடத்துக்கு அனுப்பினார். அல்மோராவின் டி.கே. சென் பாட்மின்டன் பயிற்சியாளர். மகன் லக்ஷ்யாவைப் பெங்களூரில் பிரகாஷ் படுகோனே பயிற்சியகத்தில் விட்டார். துளசிமதியும் அப்பாவின் கையிலிருந்து வேறு பயிற்சியாளரிடம் போனார். சதுரங்கத்தில் பிரக்ஞானந்தா, வைஷாலி இருவரின் அம்மா நாகலட்சுமி பயிற்சியில் தலையிட்டதே இல்லை, அதை ஆர்.பி. ரமேஷ் பார்த்துக்கொண்டார். வெளிநாட்டுப் போட்டிகளில் பிள்ளைகளுக்கு ரசமும் சோறும் பொங்கிக் கொடுத்தது அம்மாவின் பங்கு.

கைமாற்றியே ஆக வேண்டும் என்று சட்டம் போடவும் முடியாது. பாலக்காட்டின் நீளம் தாண்டுதல் வீரர் முரளி ஸ்ரீசங்கர் அதற்கு எடுத்துக்காட்டு. அப்பா எஸ். முரளி முன்னாள் மும்முறை தாண்டுதல் வீரர், அம்மா பிஜிமோள் முன்னாள் 800 மீட்டர் ஓட்டக்காரர். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்ரீசங்கர் 7.69 மீட்டரோடு தகுதிச் சுற்றிலேயே வெளியேறினார். அப்பாவின் பயிற்சியில் திருப்தி இல்லை, பயிற்சியாளரை மாற்றுகிறோம் என்றது இந்தியத் தடகளக் கூட்டமைப்பு. மகன் அப்பாவை விடவில்லை. 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் 8.08 மீட்டர் தாண்டி வெள்ளி வாங்கினார். மறு ஆண்டு 8.41 மீட்டர் தாண்டினார். ஹாங்சோ ஆசியப் போட்டியிலும் வெள்ளி. அப்போது அவருக்கு இருபது வயது கடந்திருந்தது. அப்பாவோடு நீடிப்பது என்று முடிவெடுத்தவர் அவரே.

திறந்திருந்த கதவு

இந்தக் கதைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், பயிற்சியின் கடுமை மட்டும் நல்ல வீட்டையும் கெட்ட வீட்டையும் பிரிக்கவில்லை என்பது தெரிகிறது. போகட் வீட்டிலும் ஹர்லி அணியிலும் கடுமைக்குக் குறைவில்லை. பிரிப்பது வேறு: விட்டுவிடுகிறேன் என்று பிள்ளை சொன்னால் அந்த வீட்டில் என்ன நடக்கும்?

டுப்லான்டிஸ் குடும்பத்தில் அதற்கு நேரடி விடை இருக்கிறது. அர்மான்டின் அண்ணன் அன்டோயினும் அதே கொல்லைப்புறத்தில் கோல் பிடித்து வளர்ந்தவர்தான். அவருக்குப் பேஸ்பால் பிடித்தது. போனார். லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் அணியில் பெயர் வாங்கினார். தாண்டுமேடையை மெனக்கெட்டுக் கட்டிய அப்பா, அதை விட்டுப் போன மகனின் ஆட்டத்தையும் போய்ப் பார்த்தார். தம்பி தங்கியது தன் விருப்பத்தில் என்று நம்புவதற்கு அண்ணன் போனதைவிட வலுவான ஆதாரம் தேவையில்லை. டென்னிஸ் சகோதரிகள் வீனஸ், செரீனா இருவரின் அப்பா ரிச்சர்ட் வில்லியம்ஸ் பிள்ளைகள் பிறக்கும் முன்பே திட்டம் தீட்டியவர் என்று பெயரெடுத்தவர். அவரே சிறுவர் போட்டிகளின் கடும் போட்டாபோட்டியைப் பார்த்துவிட்டு மகள்களை அதிலிருந்து விலக்கி, படிப்பில் கவனம் வைக்கச் சொன்னார்.

விதிகளால் எவ்வளவு செய்ய முடியும்? நார்வே விளையாட்டுக் கூட்டமைப்பு 1987-லேயே சிறார் விளையாட்டுக்கு விதிகள் வகுத்தது. 11 வயதுக்கு முன் முடிவுப் பட்டியலும் தரவரிசையும் கிடையாது. 13 வயதுக்கு முன் தேசிய சாம்பியன் போட்டி கிடையாது. எந்த விளையாட்டு, எவ்வளவு பயிற்சி என்பதில் பிள்ளையின் சொல்லுக்கு இடம் உண்டு. உலகத்திலேயே சிறந்த ஏற்பாடுகளில் ஒன்று என்று பலரும் மெச்சுவது அது. இங்கெப்ரிக்ட்சன் வீடும் அந்த நாட்டில்தான் இருந்தது. 2016 முதல் அந்தக் குடும்பத்தைப் பற்றித் தொலைக்காட்சித் தொடரே ஓடியது. விதிகள் சங்கங்களையும் மைதானங்களையும் கட்டுப்படுத்தும். வீட்டுக் கூடத்துக்குள் அவை நுழைவதில்லை.

அதனால் வீட்டுக்கு வெளியே ஒரு ஆள் வேண்டும். பிள்ளை போய்ப் பேசக்கூடிய, அப்பாவுக்குக் கட்டுப்படாத, விளையாட்டு தெரிந்த பெரியவர் ஒருவர். ஓய்வுக் கூடத்தில் படுத்திருந்த டோகிச்சுக்கு அப்படி ஒருவர் இருந்திருந்தால், பின்னாளில் புத்தகமாக வந்த உண்மை பல ஆண்டுகள் முன்பே வெளியே வந்திருக்கலாம்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இதைச் செய்வது கடினமல்ல. குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று பள்ளிக் கல்வித் துறையின் போட்டிகள் ஆண்டுதோறும் நடக்கின்றன. தேர்வுக்கு நிற்கும் பிள்ளையின் அப்பாவோ அம்மாவோ பயிற்சியாளராக இருந்தால், தேர்வில் அவருடைய கை இருக்கக் கூடாது என்று வைக்கலாம். இது மற்றப் பிள்ளைகளுக்கு நியாயம். அந்தப் பிள்ளைக்கும் பெரிய நிம்மதி. பொறியியல் சேர்க்கையிலும் அரசு வேலையிலும் விளையாட்டு ஒதுக்கீடு இருப்பதால் பத்தாம் வகுப்பிலிருந்தே பெற்றோரின் நெருக்கடி கூடுகிறது. அந்த வயதில் பருவத்துக்கு ஒருமுறையாவது, அப்பா இல்லாத நேரத்தில், வேறொரு ஆசிரியர் பிள்ளையோடு உட்கார்ந்து, ஆட்டம் பிடிக்கிறதா, எங்கே வலிக்கிறது, வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்று கேட்க வேண்டும். அடி, மிரட்டல் என்று தெரிந்தால் 1098 என்ற சிறார் உதவி எண் இருக்கிறது. அது பதக்கம் வாங்கும் பிள்ளைக்கும் உண்டு.

பெற்றோர் செய்ய வேண்டியவையும் நடைமுறையானவை. பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனம் ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பு நடத்துகிறது. பிள்ளைக்குப் பயிற்சி தர விரும்பும் அப்பாவும் அம்மாவும் தகுதி இருந்தால் அதைப் படிக்கலாம். வளரும் உடம்பு எவ்வளவு சுமை தாங்கும், காயம் ஆற எத்தனை நாள் ஆகும் என்பதெல்லாம் பாசத்தால் தெரிந்துவிடுவதில்லை. ஆட்டத்தைப் பற்றிய பேச்சு கிரவுண்ட் கேட்டோடு முடிய வேண்டும். பிள்ளை தானாகக் கேட்டால் மட்டும் வீட்டில் தொடரலாம். பதினைந்தாவது வயதை ஒரு எல்லையாக முன்கூட்டியே வைத்து, இதே ஏற்பாடு தொடர வேண்டுமா, வேறு பயிற்சியாளரிடம் போக வேண்டுமா, ஆட்டத்தையே விட வேண்டுமா என்று பிள்ளையிடம் நேராகக் கேட்டு, வரும் பதிலை ஏற்க வேண்டும்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பணமும் வேண்டாம், புதுச் சட்டமும் வேண்டாம். அடுத்த குறுவட்டப் போட்டிக்கு அணி தேர்வு செய்யும் நாளில் பக்கத்துப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர் ஒருவரை அழைத்து உட்காரவைக்க ஒரு தலைமை ஆசிரியர் மனது வைத்தால் போதும். இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கிவிடலாம்.